மூன்றாவது சிலிண்டர்

கடந்த வெள்ளிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, நம் வீட்டு வாசலில் கார் நிறுத்தும் கூரைக்கு அடியில் கிடக்கும் பச்சை நிற பிளாஸ்டிக் நாற்காலியை நான்கு அடி வலப்பக்கம் நகர்த்துவது என்று முடிவெடுத்தேன். இப்படிப்பட்ட முடிவுகளை நான் அவசரப்பட்டு எடுப்பதில்லை. இரண்டு நாள் யோசித்தேன். வெயில் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது, சாரல் எதுவரை வருகிறது, பக்கத்து வீட்டு ஆன்டியின் பார்வை எந்தக் கோணத்தில் பாய்கிறது என்பதையெல்லாம் கவனத்தில் எடுத்துக்கொண்டேன். உன் அம்மாவுக்கு முறைப்படி தெரிவித்தேன். "நாற்காலிதானே, நகத்துங்களேன். அதுக்கு ஏன் கூப்புடுறீங்க, அடுப்புல வேலையா இருக்கேன்" என்றாள். இவ்வாறு வீட்டின் ஒப்புதல் கிடைத்ததும் நகர்த்தினேன். அது இரண்டு வருடம் உன் எஞ்சின் ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருந்த இடம். தரையில் எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது. அந்தக் கறைமேல் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்து காரை எடுத்துக்கொண்டு தலைநகரில் பிரிக்ஃபீல்ட்ஸ்வரை போய், ஒரு வேலையும் இல்லாமல் ஒரு தேநீர் குடித்துவிட்டு, கிள்ளானுக்குத் திரும்பி வந்தேன். மறுநாளும் அப்படியே. நாற்காலி அந்த இடத்தில் நிலைபெற்றுவிட்டது. நான்தான் எந்த இடத்திலும் நிற்பதில்லை.

இன்னும் மூன்று வாரத்தில் உனக்கும் ஷாலினிக்கும் கல்யாணம். கிள்ளான் பக்கம் பத்திரிகை வைக்கும் பொறுப்பு என்னுடையது. பெயர்ப் பட்டியலை நீ கணினியில் அடித்து, அழகாக அச்செடுத்துக் கொடுத்தாய். அதில் ஒரு பெயர்மேல் மட்டும் பேனாவால் கோடு போட்டிருந்தாய். நீ பங்சாரில் வரைபட அலுவலகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் அது அடிமட்டம் வைத்துப் போட்ட கோடு. கோட்டுக்கு அடியில் இருந்த பெயர் தினேஷ், பண்டமாரான். இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றிலிருந்து உன் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவன், போன வருடம்வரை உனக்கு மாப்பிள்ளைத் தோழனாக நிற்கப் போகிறவன் என்று எல்லாரும் பேசிவைத்திருந்தவன். உன் எஞ்சின் பாழானதற்கு அவன் காரணம் என்று நீ முடிவு செய்தாய். அதை மனத்தோடு வைத்துக்கொள்ளாமல், கார் பிரியர்கள் பல்லாயிரம் பேர் இருக்கும் இணையக் குழுவில், எல்லா இனத்தாரும் படிக்க வேண்டும் என்று மலாயில், அவன் எஞ்சின் பட்டறையின் படத்தோடு எழுதினாய். அவன் காரணமில்லை. எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ ஊரறியச் சொன்னதற்கு நான் உன் அறைக்குள் வந்து காதோடு பதில் சொன்னால் அவனுக்கு அதில் ஒன்றும் இல்லை. அதனால் இதுவும் ஊரறிய எழுதப்படுகிறது.

எஞ்சின் பற்றித் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். தப்பிருந்தால் நீ மனத்துக்குள் திருத்திக்கொள். காரில் வேகம் வேண்டுமென்றால் சுலபமான வழி டர்போ வைப்பது. காற்றை ஒரு விசிறி பிடித்து எஞ்சினுக்குள் திணிக்கும். நீ அதை ஏமாற்று வேலை என்றாய். உன் எஞ்சின் தன் மூச்சைத் தானே இழுக்க வேண்டும். அப்படிப்பட்ட எஞ்சினில் ஒரே இடத்தில் பெரிய லாபம் கிடையாது. பிஸ்டனில் கொஞ்சம், வால்வைத் திறந்து மூடும் கேமில் கொஞ்சம், புகைக்குழாயின் நீளத்தில் கொஞ்சம் என்று நூறு இடத்தில் சிறுகச் சிறுகப் பிடிக்க வேண்டும். இருபத்தைந்து வருடப் பழைய உள்ளூர்க் கார் ஒன்றின் எஞ்சினுக்காக நீ இரண்டு வருட வார இறுதிகளை இந்த வாசலில் செலவழித்தாய். ஷாலினி அந்த இரண்டு வருடமும் பொறுமையாக இருந்தாள். உன் மணவாழ்க்கையைப் பற்றி எனக்கு இருக்கும் நம்பிக்கையில் பெரும்பகுதி இந்த ஒரு செய்தியிலிருந்து வருவது.

நான்கு பிஸ்டனும் ஒரே எடை இருக்க வேண்டும் என்று அம்மாவின் சமையலறைத் தராசை எடுத்துக்கொண்டு போனாய். "மாவு நிறுக்குறதுல பிஸ்டன வச்சிருக்கான், இனிமே கேக்குல மண்ணெண்ண வாடைதான் வரும்" என்று அவள் கத்தினாள். நீ அதற்குள் ஒரு பிஸ்டனின் அடிப்புறத்தை அரம் வைத்து ராவிக்கொண்டிருந்தாய். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைப் புத்தகக் கடையில் வாங்கி வந்தாய். பிஸ்டன் தலையில் அதை அப்பி, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, மறுபடி கழற்றி, வால்வு பதிந்த பள்ளத்தைக் கத்தியால் வெட்டி, களிமண்ணின் தடிமனை அளந்தாய். பிஸ்டனும் வால்வும் முட்டிக்கொள்ளாமல் இருக்க எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்க்க அதுதான் வழி என்றாய். எல்லாவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதினாய். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும், அப்போதுதான் எதனால் என்ன ஆனது என்று தெரியும் என்று எனக்கே பாடம் எடுத்தாய். கப்பல் சரக்கு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் கோப்புகளோடு வாழ்ந்த எனக்கு அந்தக் குறிப்பேட்டின் மேல் மரியாதை இருந்தது.

சிலிண்டர்களைக் குடைந்து, உள்சுவரைத் தேய்ப்புக்கல்லால் தேய்த்துத் தந்தவன் தினேஷ். பண்டமாரானில் அவன் பட்டறையில் ஒரு போரிங் மெஷின் இருந்தது. அவனைவிட வயதில் மூத்தது. தேய்ப்பு வேலையில் கல் பொடி சிலிண்டருக்குள் ஒட்டிக்கொள்ளும், அதைக் கழுவி எடுக்காவிட்டால் அதுவே எஞ்சினை அரைத்துவிடும் என்று அவன்தான் எனக்குச் சொன்னான். நான்கு சிலிண்டரும் அடங்கிய பிளாக்கை வாங்கப் போன அன்று நானும் உன்னோடு வந்திருந்தேன். சுடுதண்ணீரும் சோப்பும் போட்டு மூன்று முறை கழுவினான். பிறகு ஒரு புது வெள்ளைத் துணியை நான்கு சிலிண்டருக்குள்ளும் விட்டுத் துடைத்து, உன் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினான்.

"பாத்துக்கடா. இதுல உன் கல்யாண வேட்டியே தச்சிக்கலாம்."

"நாலாவத இன்னொரு தடவ தொடை" என்றாய் நீ.

"அங்கிள், இவனுக்குப் பொண்ணு குடுக்குறவங்கள நெனச்சா பாவமா இருக்குலா" என்று சொல்லிக்கொண்டே மறுபடி துடைத்தான். துணி வெள்ளையாகவே இருந்தது. நீ பார்த்தாய். நானும் பார்த்தேன்.

பிறகு அந்தக் குழாய்கள் வந்தன. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாகக் காற்று இழுக்க, எக்காளம் போல வாய் விரிந்த நான்கு அலுமினியக் குழாய்கள். வாயில் ஃபில்டர் போடு என்று தினேஷ் கெஞ்சினான். "டேய், தூசி மட்டும் உள்ள போச்சுன்னா முடிஞ்சது" என்றான். "ஃபில்டர் போட்டா ரெண்டு குதிரை சக்தி கொறையும்" என்றாய். அந்த இரண்டு குதிரைகளைப் பற்றி வாசலில் முக்கால் மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில், வண்டி நிற்கும்போது குழாய்களை ஒரு துணியால் மூடிவைப்பது, ஓடும்போது எடுத்துவிடுவது என்று உடன்பாடு ஆனது. ஷா ஆலாமில் ஒரு கடையில் காரை உருளைமேல் ஏற்றி ஓடவிட்டு எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரு முழு நாள் சரிசெய்தீர்கள். நீங்கள் எதிர்பார்த்ததைவிட நான்கு குதிரை அதிகம் வந்தது. தினேஷ் உன்னைத் தூக்கிச் சுற்றினான். அந்தக் காணொளி என் கைபேசியில் இன்னும் இருக்கிறது.

இனி சிப்பாங் பந்தயத் தடத்துக்கு நீங்கள் புறப்பட்ட ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். புது வண்டி என்றால் முதலில் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போவதுதான் நம் வழக்கம். ஐயர் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பார், எஞ்சினை மூடும் பானட்டில் பொட்டு வைப்பார். நீ நேரமில்லை என்றாய். அம்மா வாசலிலேயே கற்பூரம் காட்டி, நான்கு எலுமிச்சம்பழத்தையும் அவளே வைத்தாள். தேங்காய் மட்டும் வேண்டாம், முன்பக்க பம்பர் கண்ணாடியிழை, சில்லு சிதறிப் பட்டால் விரிசல் விடும் என்றாய். அதையும் ஒப்புக்கொண்டோம். நீ குளிக்கப் போனாய். எனக்கு மனம் ஆறவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பந்தயத் தடத்தில் என் மகன் கார் ஓட்டப் போகிறான், அதற்கு நான் ஒன்றுமே செய்யவில்லை. பர்ஸில் பத்துமலை விபூதிப் பொட்டலம் ஒன்று இருந்தது. தைப்பூசத்தன்று வாங்கி மடித்து வைத்தது. பானட்டைத் திறந்தேன்.

விபூதியை எங்கே இடுவது என்பதில் நான் கவனமாகவே யோசித்தேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். இந்த எஞ்சினின் சிறப்பே அதன் மூச்சுதான் என்று இரண்டு வருடமாகக் கேட்டிருக்கிறேன். எனவே ஆசி மூச்சு போகிற வழியில் இருப்பதே முறை என்று தோன்றியது. துணியை எடுத்தேன். நான்கு குழாயிலும் ஆளுக்கொரு சிட்டிகை போட்டேன். எந்த சிலிண்டருக்கும் மனக்குறை வரக்கூடாது. பொட்டலத்தில் இன்னும் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அப்போது நீ குளியலறைக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. சாமி விபூதியைக் கீழே கொட்டக்கூடாது. கோயிலில் கையில் மிஞ்சியதை நாம் என்ன செய்வோம்? பக்கத்துத் தூணில் கொட்டிவிட்டு வருவோம். எந்தக் கோயில் தூணைப் பார்த்தாலும் இடுப்பு உயரத்தில் ஒரு வெள்ளைக் குவியல் இருப்பது அதனால்தான். என் கைக்குப் பக்கத்தில் இருந்தது மூன்றாவது குழாய். மிச்சத்தை அதில் கொட்டி, துணியைப் பழையபடி மூடி, பானட்டைச் சாத்தினேன். நீ வந்து, "என்னப்பா பாக்குறீங்க?" என்றாய். "சும்மா" என்றேன். அந்தச் சொல்லுக்கு இவ்வளவு செலவாகும் என்று எனக்கு அப்போது தெரியாது.

நான்காவது சுற்றில் உன் காருக்குப் பின்னால் எஞ்சின் எண்ணெய் எரியும் நீலப் புகை வந்தது. மறுவாரம் எஞ்சினை இந்த வாசலில் பிரித்தீர்கள். நான்கு சிலிண்டரிலும் மேலிருந்து கீழாகக் கீறல். மற்றவற்றில் இலேசாக, மூன்றாவதில் மட்டும் நகம் மாட்டும் ஆழத்துக்கு. பிஸ்டன் வளையத்தின் இடுக்கில் எண்ணெயோடு குழைந்த சாம்பல் நிறப் பசை இருந்தது. அதை நீ விரலில் எடுத்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாய். நரநர என்றது.

"கல்லுப் பொடி. நீ கழுவல" என்றாய்.

"டேய், உன் கண்ணு முன்னாலதானே கழுவினேன். துணி காட்டினேன்ல?"

"அப்ப இது என்னா? வானத்துலேர்ந்து விழுந்துச்சா?"

"எனக்குத் தெரியலடா. ஃபில்டர் போடுன்னு சொன்னேன். தூசி..."

"தூசின்னா நாலுலயும் சமமாதானே போகும்? மூணாவதுல மட்டும் ஏன் இவ்ளோ? பிளாக்கைச் சாய்ச்சு வச்சிருப்ப, தண்ணி மூணாவதுல தேங்கியிருக்கும். உனக்கு வேலையில கவனமில்ல தினேஷ். ஒத்துக்க."

தினேஷ் என்னைப் பார்த்தான். "அங்கிள், நீங்க சொல்லுங்க. அன்னைக்கு நீங்க இருந்தீங்கல்ல?"

என் கையில் உங்கள் இருவருக்கும் கொண்டு வந்த தேநீர் இருந்தது. மூன்று குழாயில் ஒரு சிட்டிகை, ஒன்றில் பொட்டலம். அந்தப் பங்கீடு அந்த வாசலில் எனக்கு மட்டும்தான் தெரியும். "நான் சரியா கவனிக்கலையே தம்பி" என்றேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனேன். அவன் தேநீரைக் குடிக்காமல் போய்விட்டான். அன்று மாலையே நீ அந்தப் பதிவை எழுதினாய்.

இது எனக்குப் புதுப் பழக்கம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீ ஆரம்பப் பள்ளியில் இருந்தபோது பக்கத்து வீட்டு ஆன்டியின் மல்லிகைத் தொட்டி உடைந்தது நினைவிருக்கும். காரைப் பின்னால் எடுக்கும்போது நான்தான் இடித்தேன். குப்பை லோரிக்காரன் வேலை என்று ஆன்டி தானாகவே முடிவுக்கு வந்தார். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான். அவர் நகராண்மைக் கழகத்துக்குப் புகார்க் கடிதம் எழுத உதவி கேட்டபோது, இலக்கணப் பிழை வராமல் எழுதிக்கொடுத்தேன். அந்தக் கடிதத்தால் மூன்று வாரம் நம் தெருவுக்குக் குப்பை லோரி வரவில்லை. தெரு முழுக்க நாறியது. நாமும் முகர்ந்தோம். அதில் எனக்கு ஒரு நியாயம் இருப்பதாகத் தோன்றியது. சேர்ந்து முகர்ந்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி எதுவும் தீர்வதில்லை. அந்த லோரியில் இருந்தவன் முகம்கூட எனக்குத் தெரியாது என்பது ஒரு வசதி. தினேஷின் முகம் தெரியும். நம் வீட்டுத் தீபாவளிக்குப் பதினெட்டு வருடம் வந்த முகம்.

எஞ்சினைப் பிரித்த பிறகு இந்த எட்டு மாதத்தில் உன்னிடம் சொல்ல மூன்று முறை வந்தேன். முதல் முறை நீ தொலைபேசியில் இருந்தாய். இரண்டாம் முறை நீ நல்ல மனநிலையில் இருந்தாய், கெடுப்பானேன் என்று விட்டேன். மூன்றாம் முறை நீ மோசமான மனநிலையில் இருந்தாய், கூட்டுவானேன் என்று விட்டேன். இதற்கிடையில் நீ பிளாக்கைப் பூச்சோங்கில் வேறொருவரிடம் கொடுத்துக் குடைந்து வாங்கி, மறுபடி பூட்டினாய். எஞ்சின் நன்றாக ஓடுகிறது. "பாத்தீங்களாப்பா, ஒழுங்கா கழுவினா ஓடுது" என்றாய். ஆள் மாறினான், எஞ்சின் பிழைத்தது, ஆகவே முதல் ஆள் குற்றவாளி. இந்த முறை நான் பானட்டைத் திறக்கவில்லை என்ற சிறிய மாற்றம் உன் குறிப்பேட்டில் ஏறவில்லை.

கல்யாணத்துக்கு முன் ஒரு தகப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். என்னிடம் இருப்பது கொஞ்சம். உன் விளக்கம் தப்பில்லாத விளக்கம். கல் பொடி, சாய்ந்த பிளாக், தேங்கிய தண்ணீர், எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியது. ஒட்டுகிறது என்பதற்காக அது நடந்தது என்று ஆகிவிடாது. நாளைக்கு ஷாலினி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அதற்கும் நீ ஐந்து நிமிடத்தில் ஒட்டுகிற விளக்கம் கண்டுபிடிப்பாய், உனக்கு அந்தத் திறமை இருக்கிறது. கண்டுபிடித்த பிறகும் அவளைக் கேள். அவள் சொல்வது உன் விளக்கத்துக்கு ஒட்டாவிட்டால், விளக்கத்தை விடு. இன்னொன்று, பதினெட்டு வருடம் பழகிய ஒருவன் "கழுவினேன்" என்று சொல்லும்போது, நரநரக்கும் விரலை மட்டும் நம்பாதே. மூன்றாவது, வீட்டில் யாராவது "சும்மா" என்று சொன்னால் பானட்டைத் திறந்து பார். இது உன் அப்பாவை வைத்து நான் கண்டறிந்தது.

இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். எனக்கு வருவது அதுதான். இதை மலாயில் பெயர்த்து அதே குழுவில், அதே பட்டறைப் படத்தோடு போட வேண்டிய வேலை உன்னுடையது. என் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். விபூதி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நீயே விளக்கு. சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

உனக்கு எழுதுவதற்கு முன் தினேஷிடம் சொல்ல வேண்டும் என்று நேற்றுப் பண்டமாரானுக்குப் போனேன். தட்டில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் எடுத்துக்கொண்டு போனேன். அவன் பெயர்மேல் நீ போட்ட கோட்டை நான் மதிக்கவில்லை. பட்டறைத் தெருவை இரண்டு தடவை சுற்றிவிட்டு மூன்றாவது தடவைதான் நிறுத்தினேன். கதவு பாதி இறங்கியிருந்தது. தினேஷ் உள்ளே சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"வாங்க அங்கிள். கல்யாண வேலையெல்லாம் எப்புடி?" என்றான். நின்றபடியே சொன்னேன். முழுக்கச் சொன்னேன்.

"விபூதியா?" என்றான் கடைசியில்.

"ஆமா."

"எவ்ளோ அங்கிள்?"

"மத்ததுல ஒரு சிட்டிகை. மூணாவதுல மிச்சம் அவ்வளவும்."

சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துக்கொண்டே ஓர் எண்ணெய் டின்மேல் உட்கார்ந்தான். பிறகு சிரிக்கவில்லை.

"அவன் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துருச்சு அங்கிள். துணி வெள்ளையா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். ஆனா மூணாவத மட்டும் விட்டுட்டனோன்னு. அப்புறம் வந்த ஒவ்வொரு பிளாக்கையும் ஆறு தடவ, ஏழு தடவ கழுவினேன். வேல நகரல. வர்றவங்களும் அந்த போஸ்ட்ட காட்டி, 'பாஸ், நல்லா கழுவுவீங்களா'ன்னு கேப்பாங்க. அப்புறம் அவங்களும் வரல."

"நான் எல்லாருக்கும் எழுதப் போறேன் தம்பி. நடந்தத அப்படியே."

"எழுதுங்க அங்கிள்."

"மெஷின் எங்க?"

"போன மாசம் வித்துட்டேன். தைப்பிங்காரரு ஒருத்தரு எடுத்துக்கிட்டாரு."

மெஷின் நின்ற இடத்தில் சிமெண்டுத் தரையில் நான்கு போல்ட் துளைகள் இருந்தன. தட்டை நீட்டினேன். எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கினான். பத்திரிகையைப் பிரித்து உன் பெயரையும் ஷாலினியின் பெயரையும் படித்தான், தேதியைப் படித்தான், மண்டபம் எங்கே என்று கேட்டான். சொன்னேன். கைபேசியை எடுத்து வேலை அட்டவணையைப் பார்த்தான்.

வரும் திங்கட்கிழமையிலிருந்து துறைமுகத்தில் ஒரு கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போகிறான். உன் கல்யாணத்தன்று அவனுக்குக் காலை ஷிஃப்ட்.